இரண்டு கம்பெனி ஓடு

வெள்ளிக்கிழமைதோறும் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் என் அப்பா பெயருக்கு ஒரு தேங்காய் சிதறும். அப்பா நன்றாக இருக்க வேண்டும் என்று அல்ல. உடைக்கிறவள் என் பெரியம்மை, அப்பாவுடைய அண்ணன் பெண்டாட்டி. காய் தெறித்து முடிந்ததும் அவள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பிள்ளையாரைப் பார்த்து, “நீரு பாத்துக்கிடும்” என்று மட்டும் சொல்வாள். பிறகு அந்த முக்கிலேயே இருந்த தன் தேங்காய்க் கடைக்குத் திரும்பி வியாபாரத்தைக் கவனிப்பாள். முகத்தில் ஒரு கோபம் கிடையாது. பால் வாங்கிவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள்.

ஆள் உருவத்தில் சிறியவள். வெள்ளைச் சேலைக்குள்ளிருந்து தோளெலும்பு துருத்திக்கொண்டிருக்கும். குரல் அதைவிடச் சிறியது. கிழக்கேகோட்டை பஸ் இரைச்சலில் அவள் சொல்வதைக் கேட்க வேண்டுமானால் வாடிக்கைக்காரர்கள் குனிந்தாக வேண்டும். யாராவது அவளிடம் அடாவடியாகப் பேசினால் பதிலுக்கு ஏசமாட்டாள். “ஆயிக்கோட்டு” என்பாள். ஆகட்டும் என்பதற்கு மலையாளத்தில் சொல்வது. திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த எங்களைப் போன்றவர்களின் தமிழில் இப்படி ஒன்றிரண்டு வந்து விழத்தான் செய்யும். மற்றவர்கள் அதைச் சொன்னால் விட்டுத்தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். பெரியம்மை சொன்னால் கேட்டவன் அன்றிலிருந்து ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கடையில் விற்கிற காய்களுக்குப் பின்னால் தனியாக ஒரு சாக்கு வைத்திருப்பாள். அதில் இருப்பதெல்லாம் அழுகல். காதருகே வைத்து ஓர் ஆட்டு ஆட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கெட்டதைத் தூக்கிப் போட மாட்டாள். இது எதற்கு என்று சின்னப் பிள்ளையில் கேட்டிருக்கிறேன்.

“ஆளு வரும் மக்கா. யாருக்கு எப்பம் வேண்டிவரும்னு சொல்ல முடியாதுல்லா” என்றாள்.

ஆள் வரவும் செய்தான். ஒரு பஸ் கண்டக்டர். கொட்டுகிற மழையில், தேங்காய்ச் சாக்கோடு ஏறக்கூடாது என்று அவளைப் பாதி வழியில் இறக்கிவிட்டவன். அதற்கப்புறம் எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. அவனுக்கு அவள் முகமே மறந்திருக்கும். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சம்பந்தி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு பிள்ளையாருக்குக் காய் உடைக்க வந்தவன், வேறு கடையே இல்லாததுபோல நேராக இவளிடம் வந்து நின்றான். நல்ல காயாகப் பார்த்துக் கொடுங்கள் அம்மா என்று வேறு கேட்டானாம். பெரியம்மை பின்னால் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள். உடைத்ததும் நாற்றம் சம்பந்தி மூக்கு வரை போயிற்று. அந்தக் கல்யாணம் நடந்ததா நின்றதா என்று அவள் விசாரிக்கவே இல்லை. காய் கைமாறியதோடு அவளுக்கு அந்த விஷயம் முடிந்தது.

இப்பேர்ப்பட்ட ஒருத்தியிடம்தான் என் அப்பா வாயைக் கொடுத்தார்.

அட்டக்குளங்கரைப் பக்கம் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. தாத்தா கட்டியது. நீளமான ஓலைக் கூரை. தாத்தா போனபிறகு பெரியப்பாவும் அப்பாவும் நடுவில் சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சுவர் கீழேதான் பிரித்தது. மேலே கூரை ஒன்றாகவே கிடந்தது. கோடையில் இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து நின்று ஓலை மாற்றுவார்கள். மஞ்சள்காமாலையில் பெரியப்பா இறந்தார். பிள்ளை குட்டி இல்லை. பெரியம்மை அந்தப் பாதியில் தனியாக இருந்தாள். அவர் போய் ஒரு வருஷம் ஆவதற்குள் அப்பாவுக்கு ஓட்டு வீட்டு ஆசை வந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் கயிறும் சாக்கும் விற்கிற கடை அப்போது நன்றாக நடந்துகொண்டிருந்தது.

கொல்லையில் ஓர் ஆஞ்சிலி மரம் நின்றது. இரண்டு பாதிக்கும் பொது. அதை வெட்டித்தான் அப்பா உத்தரமும் கைமரமும் அறுத்தார். அத்தனையும் எங்கள் பாதிக்கே போயிற்று. பெரியம்மை வந்து மரத்தில் எனக்கும் பங்கு உண்டே தம்பி, என் பக்கத்தையும் சேர்த்து முடித்துவிடக்கூடாதா என்று கேட்டாள். ஆசாரியும் வேலைக்காரர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாராம்.

“ஒத்தக் கட்டைக்கு எதுக்கு மைனி ஓடு? ஓலை போதும்.”

நான் அப்போது கைக்குழந்தை. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் அம்மா குரல் தாழ்ந்துபோகும்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் ஓட்டின் கடைசி வரிசை சுவரைத் தாண்டி அவள் ஓலை மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. எங்கள் கூரையில் விழுந்த தண்ணீரில் பாதி அவள் தலையில். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கியது. கொஞ்ச நாளில் ஓலை அழுகிவிட்டது. ஒரு மத்தியானம் சோறு பொங்கிக்கொண்டிருந்தபோது அடுக்களைக் கூரை அப்படியே அடுப்பு மேல் உட்கார்ந்தது. பெரியம்மை சோற்றுப் பானையோடு முற்றத்துக்கு வந்து, மழை விடுகிற வரைக்கும் எங்கள் ஓட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். பெற்ற அப்பாதான், ஆனாலும் சொல்கிறேன், மனுஷன் செய்கிற காரியமா அது?

அதற்குப் பிறகுதான் அவள் பழவங்காடியில் சாக்கை விரித்துத் தேங்காய் விற்க உட்கார்ந்தது. வருஷக்கணக்கில் உட்கார்ந்தாள். மழைக்கு மழை ஓலையை ஒட்டுப்போட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வந்தபின், ஒரு கோடையில், சந்து முனையில் லாரி வந்து நின்றது. சிவப்புச் சிவப்பாக ஓடு. பெரியம்மைக்கு.

இங்கே ஓட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த ஓடுகளின் ஓரத்தில் ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் விளிம்பும் இருக்கும். ஒன்றின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால்தான் தண்ணீர் உள்ளே வராது. ஒரே கம்பெனி ஓடு என்றால் உட்காரும். கம்பெனி மாறினால் அச்சு மாறும், துளி வித்தியாசம் வந்தாலும் உட்காராது. ஓடு வாங்குகிற யாரும் முதலில் பக்கத்துக் கூரை எந்தக் கம்பெனி என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள்.

எங்கள் கூரையைப் போட்ட அதே ஆசாரிதான் அவளுக்கும் வந்தார். ஓட்டின் பின்புறம் இருந்த முத்திரையைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அம்மச்சி, இது வேற கம்பெனியாக்கும். அவரு போட்டிருக்கது வேற. ரெண்டும் தம்மில் சேராது கேட்டோ. முட்டுற எடத்துல ஒழுகும்.”

சந்தே கூடிவிட்டது. பொம்பிளை தனியாகப் போய்ச் சாமான் வாங்கினால் இதுதான் கதி என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். எல்லோரையும்விட அப்பாதான் அதிகம் சிரித்தார். பெரியம்மை சேராண்டாம் என்றாள். அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து ஆசாரி இரண்டு ஓட்டையும் கையிலெடுத்துப் பொருத்திக் காட்டினார்.

“எனக்கு மனசிலாச்சு ஆசாரியே. இதோட சேராத கம்பெனி எதுன்னு நாலு எடத்துல கேட்டுத்தான் வாங்குனேன். நீரு போடும்” என்றாள்.

சிரிப்பு அங்கேயே நின்றது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆசாரி கூரை முழுவதையும் முடித்தார், எங்களை ஒட்டிய கடைசி வரிசையைத் தவிர. ஒழுகும் என்று தெரிந்தே போட்டால் நாளைக்கு என்னைத்தானே சொல்வார்கள் என்று இறங்கி வந்து பீடி பற்றவைத்துவிட்டார். பெரியம்மை தர்க்கம் செய்யவில்லை. சேலையைத் தார்பாய்ச்சி இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். எங்கள் பக்கத்திலிருந்து அவள் எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே கொடுத்தாள். அவை எங்கள் வாசலில் அடுக்கி வைக்கப்பட்டன, ஒன்றுகூட உடையாமல். பிறகு தன் கடைசி வரிசையைத் தன் கையாலேயே போட்டாள். புருஷன் இல்லாத பொம்பிளை வீட்டுக் கூரைமேல் நிற்கிறாள் என்று எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவள் அவசரப்படவே இல்லை.

அந்த வருஷ மழையில் எங்கள் வீட்டுக்குள் முற்றம் வந்துவிட்டது.

இரண்டு பக்கமும் ஒழுகியது என்பதுதான் விசேஷம். அவளுடைய முன்னறையும் நனைந்தது. அவள் அந்த அறையிலிருந்த எல்லாவற்றையும் பின்கட்டுக்கு மாற்றிவிட்டு, அறையை மழைக்கே விட்டுக்கொடுத்துவிட்டாள். ஒற்றை ஆளால் அது முடியும். பிள்ளை குட்டியோடு இருக்கிற எங்களால் எப்படி முடியும்? சுவரை ஒட்டிய அறைதான் எங்களுக்குப் பெரியது. அங்கேதான் அப்பா கட்டில். அதை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்தோம். சுவர் தண்ணீரைக் குடித்துப் பச்சை பிடித்தது. ஏற்கெனவே சாக்குத் தூசியில் இருமிக்கொண்டிருந்த மனுஷனுக்கு இழுப்பு வந்து சேர்ந்தது. சிமெண்ட் பூசினால் அடுத்த கோடையில் வெடித்தது. தகரம் வைத்தால் அது அவள் பக்கம் ஒரு சாண் போய்த்தான் நிற்கும். வைத்த மறுநாளே தொரட்டிக் கம்பால் தள்ளிவிட்டு, எடுத்து வந்து எங்கள் வாசலில் சாய்த்து வைத்துவிடுவாள். தன் கூரையில் எவன் கையும் படக்கூடாது என்பாள்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. எங்களிடம், அதாவது பிள்ளைகளிடம், அவள் உயிராக இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் போவது அவள் அடுக்களைக்குத்தான். தேங்காய்ச் சில்லும் கருப்பட்டியும் தருவாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் பேன் பார்ப்பாள். தேங்காயை வறுத்தரைத்து அவள் வைக்கிற தீயல் குழம்பு மாதிரி இன்றுவரை நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. தலை வாரிக்கொண்டே மெதுவாகக் கேட்பாள்.

“உங்கப்பனுக்க கட்டிலு இப்பம் எந்த மூலையில கெடக்கு மக்கா?”

நானும் சொல்வேன். ராத்திரி எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தார், போர்வை நனைந்ததா என்பதெல்லாம் சொல்வேன். அவள் ம் கொட்டிக்கொண்டே இன்னொரு சில்லு எடுத்துக் கையில் வைப்பாள். கொழுந்தன்மேல் அவளுக்கு உள்ளூர இரக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை மடியில் போட்டுக்கொண்டே அவள் வேவு பார்த்திருக்கிறாள் என்று புரிந்த அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சின்னப் பிள்ளையின் வாயிலிருந்து அப்பனின் இழுப்பைக் கேட்டு ரசித்தவளை என்னவென்று சொல்வது? அதற்கப்புறம் நான் அவள் தீயலைத் தொடவில்லை.

அம்மாதான் போய்க் கெஞ்சினாள். அக்கா, ஒரே ஒரு வரிசை. எங்கள் கம்பெனி ஓட்டில் ஒரு வரிசை உங்கள் பக்கம் மாற்றினால் போதும், ஆசாரி மற்றதைச் சரிபண்ணிவிடுவார், ஓடு நாங்கள் வாங்கித் தருகிறோம் என்றாள். நானும் கூட நின்றேன். பெரியம்மை அம்மாவை உட்காரவைத்து, மோர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டாள்.

“உனக்க மேல எனக்கு ஒண்ணும் கெடையாதுட்டி. அவன் வரட்டு. ஒத்தக் கட்டைக்கும் கூரை வேணும் மைனின்னு ஒரு வார்த்தை சொல்லட்டு. நாளைக்கே ஏணி வைக்கேன்.”

ஒரு வார்த்தை. வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. அம்மா திரும்பி வந்து அப்பா காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். அவர் தலையணை இரண்டை அடுக்கிச் சாய்ந்துகொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் அந்த மனுஷனுக்கு வீறாப்பு போகவில்லை. நனைந்து செத்தாலும் அவளிடம் போய் நிற்கமாட்டேன் என்றார்.

அப்படியே செத்தார். ஐப்பசியில், ஒரு துலாமாத மழையில், பச்சை பிடித்த அந்தச் சுவரோரம். எனக்கு அப்போது டீச்சர் வேலை கிடைத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. என் தம்பி காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். செய்தி கேட்டு முதலில் வந்தவள் பெரியம்மை. வீட்டில் மூத்தவள் அவள்தானே. உள்ளே நுழைந்தவள் முதலில் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. தலையை உயர்த்தி மேலே, ஓடு முட்டுகிற இடத்தைப் பார்த்தாள். எவ்வளவு ஒழுகியிருக்கிறது என்று அளவெடுத்தாள். அதற்கப்புறம்தான் கீழே பார்த்தாள், மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், ஒப்பாரியும் சொன்னாள். நல்ல ஒப்பாரி. வந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டு அழுதார்கள். நான் அழவில்லை. மேலே போய்விட்டு வந்த அந்தப் பார்வையையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

வருஷம் திரும்பி, மழைக்கு முன்னால் ஒரு காலையில், பெரியம்மை எங்கள் கம்பெனி ஓட்டையே தேடிப் பிடித்து வாங்கிக்கொண்டு வந்து இறக்கினாள். ஆசாரியையும் கூட்டி வந்திருந்தாள். இனி யாருக்கு வேண்டி ஒழுகணும் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். அக்காவுக்கு மனசு இளகிவிட்டது என்று என்னிடம் வந்து சொன்னாள். இளகியது மனசு இல்லை, முழங்கால். பின்கட்டுக்குப் போகிற படியில் பெரியம்மையால் இப்போது இறங்கி ஏற முடியவில்லை. கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கட்டில் கால் தரையில் இழுபடுகிற சத்தத்தை நான் கேட்டிருந்தேன்.

புது வரிசை பொருந்த வேண்டுமானால் எங்கள் கடைசி வரிசையைக் கொஞ்சம் தூக்கித்தான் அடியில் செருக வேண்டும். ஆசாரி ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டு, நேர்மையான மனுஷன், எங்கள் வீட்டைப் பார்த்துத் தூக்கட்டுமா என்று கேட்டார். அம்மா சரி என்பதற்குள் நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

“எங்க ஓட்டைத் தொடப்பிடாது” என்றேன்.

அம்மா என்னைப் பிடித்து இழுத்தாள். தம்பி அக்கா அக்கா என்றான். பெரியம்மை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மெதுவாகத் திரும்பினாள்.

“ஏன் மக்கா?”

“எங்கப்பா சாகுதவரைக்கும் நனைஞ்சாரு. நீங்க அதை எங்கிட்ட கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டீங்க. இப்பம் உங்க முறை.”

அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள், சந்தையில் ஒரு நல்ல காயைப் பார்க்கிற மாதிரி. அம்மா என்னை ஏசத் தொடங்கியபோது அவள்தான் தடுத்தாள். அவளை ஏசாதே, அவள் செய்கிறது நியாயம்தான் என்றாள். ஆசாரியை இறங்கச் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். வாங்கிய ஓடு சுவரோரம் பாசி பிடித்துக் கிடந்தது.

இதற்காக நான் வருத்தப்படுகிறேனா என்று கேட்பார்கள். இல்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மழையிலும் அவள் கட்டிலை மூலைக்கு மூலை இழுத்தாள், ஒரு தடவைகூட எங்களைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் சிரிப்பாள். நல்லா இருக்கியா என்று ஒரு சேக்காளியிடம் கேட்கிற மாதிரிக் கேட்பாள்.

அவள் இறந்தபோதுதான் தெரிந்தது, தன் பாதியை என் பெயருக்கு எழுதி வைத்திருக்கிறாள் என்று. தம்பிக்கு இல்லை. எனக்கு மட்டும். தம்பிக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது, இரண்டு பாதியும் தனக்குத்தான் என்று நினைத்து அவன் மாமனாரிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அவள் படுக்கையில் கிடந்தபோது அவனைக் கூப்பிட்டு வைத்து, உனக்கு இல்லை, உங்க அக்காளுக்கு என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். சொல்லாமலே விட்டிருக்கலாம். அவள் விடவில்லை.

தெருவில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். எவ்வளவு பெரிய மனசு, தலையில் கல்லைப் போட்டவளுக்கே வீட்டைக் கொடுத்துவிட்டாள் என்றார்கள். அம்மாகூட அழுதாள். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை, தனியாக இருக்க ஓர் இடம் கிடைத்ததே என்று நானும் சாமானைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதிக்குப் போனேன். முதல் மழையிலேயே ஆசாரியைக் கூட்டி வந்தேன். பாசியைத் தேய்த்துவிட்டால் பெரியம்மை வாங்கிப் போட்ட ஓடே போதும், அந்தப் பக்கம் ஒரு வரிசையை மட்டும் தூக்க வேண்டும் என்றார் அவர்.

அந்தப் பக்கம் இப்போது தம்பியுடையது. தொடக்கூடாது என்று வாசலில் நின்று சொல்லிவிட்டான். அவன் பெண்டாட்டி பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள். அம்மா உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. அவனுக்கும் சேர்த்துத்தானே ஒழுகுகிறது என்று ஆசாரி கேட்டுப் பார்த்தார். ஒழுகட்டும், எனக்கு இன்னும் ரெண்டு அறை இருக்கிறது என்றான்.

பெரியம்மை எனக்குச் சொத்து கொடுத்தாள் என்று நம்புகிறவர்கள் யாராவது மழை பெய்கிறபோது வந்து என் முன்னறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.